முட்டுக்கட்டை

வைகாசி மாதத்தில் வில்லியனூருக்குப் போனால் திருக்காமீசுவரர் தேரைப் பார்க்கலாம். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளில் கவர்னர் துரையே வந்து இந்தத் தேரின் வடத்தைப் பிடித்து இழுத்து வைப்பது வழக்கம். துரைமார் போய்விட்டார்கள், வழக்கம் போகவில்லை. இப்போது துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. படத்தில் வடம் இருக்கும், வடத்தைப் பிடித்த பெரிய மனிதர்கள் இருப்பார்கள், பின்னால் மங்கலாகத் தேரும் இருக்கும்.

படத்தில் வராத ஒரு மனிதர் உண்டு. தேர்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில், குனிந்த முதுகோடு, கையில் ஒரு பெரிய மரக்கட்டையை வைத்துக்கொண்டு நடப்பவர். நம் கோயில் தேர்களில் சக்கரத்தைத் திருப்புவதற்கு எந்த யந்திரமும் கிடையாது. அச்சு அசையாது. வீதி முனை வந்ததும் இந்த மனிதர்தான் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சாய்வாகக் கொடுக்கிறார். சக்கரம் கட்டையின்மீது ஏறி, வழுக்கி, இறங்கும்போது ஒரு சாண் திசை மாறுகிறது. மறுபடி கட்டை, மறுபடி ஒரு சாண். ஆயிரம் பேர் இழுக்கிற தேரை நாலைந்து பேர் இப்படித் திருப்பிவிடுகிறார்கள். ஒரு விநாடி தப்பினால் கை போகும். இரண்டு விநாடி தப்பினால் வீட்டுத் திண்ணை போகும்.

அந்தக் கட்டைக்குப் பெயர் முட்டுக்கட்டை. நம்முடைய பாஷை அதற்குச் செய்திருக்கும் மரியாதையைக் கவனியுங்கள். ஒருவன் நல்ல காரியத்தைக் கெடுத்தால் 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்கிறோம். தேரை வீதிக்குள் நிறுத்தி, வளைவில் திருப்பி, நிலைக்குப் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிற கட்டை, வசைச் சொல்லாகிவிட்டது. இழுக்கிறவனுக்குப் புகழ், திருப்புகிறவனுக்கு வசை. சரித்திரம் முழுவதுமே இப்படித்தான் நடந்திருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதற்கு ஆதாரம் தேடித்தான் இந்தக் கட்டுரை மோட்டார்ப் பட்டறை வரையில் போகப் போகிறது. வாசகர்கள் கொஞ்சம் பொறுமையாக உடன் வரவேண்டும்.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிட நியாயம் தெரிந்தவர்கள் என்றே சொல்லவேண்டும். பாரத யுத்தத்தில் வில்லை எடுத்தவன் அர்ஜுனன். ஆனால் திருவல்லிக்கேணியில் கோயில் கட்டிக் கும்பிடுவது அவனுக்குத் தேரோட்டிய பார்த்தசாரதியை. கர்ணன் விட்ட நாகாஸ்திரம் கழுத்துக்கு நேராக வந்தபோது, கண்ணன் தேரைக் காலால் அழுத்தினான்; அம்பு கிரீடத்தை மட்டும் கொண்டுபோயிற்று. கர்ணனுக்கோ சல்லியன் சாரதி. தேர்த்தட்டில் மனம் ஒட்டாதவன் உட்கார்ந்தால் எப்பேர்ப்பட்ட வீரனும் பள்ளத்தில் இறங்குவான் என்பதற்கு அந்தக் கதை ஒன்றே போதும். ஓட்டுகிறவன் யார் என்பதை வைத்தே அங்கே யுத்தத்தின் முடிவு நிச்சயமாகிறது.

மோட்டார் வண்டியின் சரித்திரத்தை எழுதியவர்களுக்கு இந்த ஞாபகம் இல்லை. அவர்கள் எழுதியதெல்லாம் எஞ்சினின் சரித்திரம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886-ல் பேடண்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒற்றை சிலிண்டர், முக்கால் குதிரைசக்தி என்று ஆரம்பிக்கும். அந்த முன் சக்கரத்தை எப்படித் திருப்பினார்கள்? ஒரு கைப்பிடி, அதன் கீழே செங்குத்தாக ஒரு தண்டு, தண்டின் அடியில் பல், அந்தப் பல் இன்னொரு பல் வெட்டிய சட்டத்தை இப்படியும் அப்படியும் தள்ளும், சட்டம் சக்கரத்தைத் திருப்பும். உலகத்தின் முதல் மோட்டார் என்று கொண்டாடப்படும் வண்டியிலேயே பல் சட்டம் இருந்திருக்கிறது. 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு மன்ஹைமிலிருந்து பிஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அந்த வண்டியில் பிரயாணம் செய்தாள். மேட்டில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கியது, இறங்கித் தள்ளினார்கள். எஞ்சின் கைவிட்ட இடத்தில் மனிதன் தள்ளலாம். ஸ்டியரிங் கைவிட்டால் அந்த இடத்தை யார் நிரப்புவது? பிரயாணம் முடிந்து அந்த அம்மாள் சௌக்கியமாக ஊர் திரும்பியதில் அந்தப் பல் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

மூன்று சக்கரம் என்றால் சங்கடம் இல்லை. முன்னால் இருப்பது ஒன்றுதான். நாலு சக்கரம் என்றதும் ஒரு கணக்கு வந்து வழி மறிக்கிறது. களத்தில் பிணையல் கட்டிப் போரடிப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணக்குச் சுலபமாகப் புரியும். உள்பக்கத்து மாடு நின்ற இடத்திலேயே சுற்றுவதுபோல் சின்ன வட்டம் போடும். வெளிப்பக்கத்து மாடு ஓட்டமும் நடையுமாகப் பெரிய வட்டம் போடும். வண்டி வளையும்போது முன் சக்கரங்கள் இரண்டும் அப்படியே. உள்ளே இருப்பது அதிகமாகவும் வெளியே இருப்பது குறைவாகவும் திரும்பினால்தான் இரண்டும் உராயாமல் உருளும்.

இந்தக் கணக்கைக் குதிரை வண்டிக் காலத்திலேயே தீர்த்தவர் முனிச் நகரத்து வண்டிப்பட்டறைக்காரர் ஜார்ஜ் லாங்கென்ஸ்பெர்கர். வருஷம் 1816. அவருக்காக லண்டனில் 1818-ல் பேடண்ட் பதிவு செய்தவர் ருடால்ஃப் அக்கர்மன். படங்களும் பத்திரிகையும் வெளியிட்டுப் பெயர் பெற்ற பதிப்பாளர். இன்றைக்கு உலகத்திலுள்ள எஞ்சினீயரிங் கல்லூரிகளிலெல்லாம் அந்த அமைப்புக்கு 'அக்கர்மன் ஸ்டியரிங்' என்றுதான் பெயர். பட்டறைக்காரரின் பெயரைப் பரீட்சைக்குப் படிக்கிற பையன்களுக்கே தெரியாது. திருப்புகிற கலைக்குள்ளேயே, திருப்பக் கண்டுபிடித்தவனை விட்டுவிட்டுப் பதிவு செய்தவனைப் பிடித்துக்கொண்டது சரித்திரம்! பதிப்பாளர்களை நம்பிப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் இதற்குமேல் இதைப்பற்றி எழுதுவது உசிதமல்ல.

இந்த இடத்தில் நம் புதுச்சேரிக்கே உரிய ஒரு வாகனத்தைச் சொல்லாமல் நகர முடியாது. பிரெஞ்சில் 'பூஸ்' என்றால் தள்ளு. 'பூஸ் பூஸ்' என்று அவர்கள் அழைத்த வண்டியை நம்மவர்கள் 'புஷ் புஷ்' ஆக்கிவிட்டார்கள். மற்ற ஊர்களில் ரிக்ஷாவை முன்னால் நின்று இழுத்தார்கள்; இங்கே பின்னால் நின்று தள்ளினார்கள். தள்ளுகிறவருக்கு முன்னால் என்ன வருகிறது என்று தெரியாது. ஆகையால் முன் சக்கரத்தைத் திருப்பும் கம்பி, உள்ளே உட்கார்ந்திருக்கும் துரையின் கையில் இருக்கும். பழைய தபால் அட்டைப் படங்களில் இன்றும் காணலாம்: வெள்ளை உடுப்பும் தொப்பியுமாகக் கனவான் கம்பியைப் பிடித்திருக்கிறார், பின்னால் தலைப்பாகைக்காரர்கள் தள்ளுகிறார்கள். பலம் ஒருவனுடையது, திசை இன்னொருவனுடையது. ஒரு ராஜ்யத்தை விளக்கப் பெரிய பெரிய புத்தகங்கள் எழுதுகிறார்கள். அந்தத் தபால் அட்டை ஒன்றே போதாதா?

மோட்டாருக்குத் திரும்புவோம். முதலில் எல்லாரும் படகுச் சுக்கான் போன்ற கைப்பிடியைத்தான் பிடித்தார்கள். 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வாஷ்ரோன் என்பவர் தம்முடைய பன்ஹார்டு வண்டியில் வட்டமான சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். வேகம் கூடக் கூட அந்தச் சக்கரமே நிலைத்துவிட்டது. ஆனால் கையில் இருக்கும் சக்கரத்துக்கும் தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டாயின.

ஒரு கட்சி, புழுப்போல மரை முறுக்கிய தண்டைப் பல் சக்கரத்தோடு பெட்டிக்குள் வைத்து, அதிலிருந்து கை, கையிலிருந்து கம்பி, கம்பியிலிருந்து இன்னொரு கம்பி என்று போயிற்று. கனமான வண்டியையும் லேசாகத் திருப்பலாம். பள்ளத்தின் உதை கைக்கு வராது. ஆனால் மூட்டுக்கு மூட்டு ஆட்டம். இன்னொரு கட்சி, பென்ஸின் பழைய பல் சட்டத்தையே நிமிர்த்தி எடுத்துக்கொண்டது. ஓர் இரும்புக் குழாய்; அதற்குள் ரம்பம்போல் பல் வெட்டிய சட்டம்; ஸ்டியரிங் தண்டின் நுனியில் சின்னப் பற்சக்கரம். அது சுழன்றால் சட்டம் இடவலமாக நகரும். சட்டத்தின் இரு நுனியிலிருந்தும் இரண்டு கம்பிகள் நேராகச் சக்கரங்களுக்கு. அவ்வளவுதான். இதைத்தான் பட்டறைகளில் 'ஸ்டியரிங் ராக்' என்கிறார்கள். பாதை என்ன சொல்கிறதோ அதைக் கைக்குச் சொல்லும். கை என்ன நினைக்கிறதோ அதைப் பாதைக்குச் சொல்லும். நடுவில் தரகர் கிடையாது.

பந்தய ரசிகர்களுக்கு இது பிடித்ததில் ஆச்சரியமில்லை. பிரெஞ்சுக்காரர்களின் சித்ரோவன் 'ட்ராக்ஸியோன் அவான்' 1936-ல் பல் சட்டத்துக்கு மாறியது. இங்கிலாந்தில் அலெக் இஸிகோனிஸ் 1948-ல் மாரிஸ் மைனரில் வைத்தார். எம்.ஜி. கம்பெனியின் 'டி.டி.' மாதிரியில் வந்தது. ஜாகுவார் 1954-ல் தன்னுடைய எக்ஸ்.கே. 140 மாதிரியில் பழைய பெட்டியை எடுத்துவிட்டு இதைப் பொருத்தியது. நம் ஊர் அம்பாஸடரிலும் இதுதான். பம்பாயில் செய்த ஃபியட்டில் புழுப்பெட்டி. இரண்டையும் ஓட்டிய பழைய டிரைவர்களிடம் கேட்டால் மணிக்கணக்காக வித்தியாசம் சொல்வார்கள்.

இனி நம் பிரதேசத்துக்கு மிக நெருங்கி வருகிறோம். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் கம்பெனி 1959-ல் 'ஹெரால்டு' என்ற சின்னக் குடும்பக் காரை வெளியிட்டது. இத்தாலியக் கலைஞர் ஜியோவான்னி மிச்செலாட்டி அதற்கு உருவம் கொடுத்தார். ஒரே வார்ப்பாக உடம்பு செய்து கொடுத்துவந்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டதால், அடிச்சட்டம் தனி, உடம்பு தனி என்று பழைய முறையில் போல்ட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். கஷ்டத்தில் பிறந்த அந்த ஏற்பாடு ரிப்பேர்க்காரர்களுக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. முன்மூடி முழுவதும் முன்பக்கமாக மல்லாந்துகொள்ளும். எஞ்சின், சக்கரம், ராக் எல்லாம் கண்ணெதிரே. 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடித்துவிடும். லண்டன் டாக்ஸிக்கு ஈடு என்று விளம்பரப்படுத்தினார்கள். மோதினால் ஸ்டியரிங் தண்டு மார்பில் பாயாமல் தனக்குள்ளேயே சுருங்கிக்கொள்ளும்படியும் செய்திருந்தார்கள்.

இந்த ஹெரால்டைத்தான் சென்னைக்கு வெளியே, வண்டலூரை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனியார் 1961-லிருந்து 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்தார்கள். டாக்டர்களும் வக்கீல்களும் வாங்கினார்கள். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கி, அதே முன்சக்கர அமைப்பையும் அதே ராக்கையும் வைத்து, மேலே தாழ்வான, கூரை மடக்கும் உடம்பைப் போர்த்தி 1962 அக்டோபரில் கோவென்ட்ரிக்காரர்கள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்ற ஆகாய விமானத்தின் பெயரையே வைத்தார்கள்: 'ஸ்பிட்ஃபயர்'. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்து விற்றார்கள். லண்டனில் தலைமயிர் பறக்க ஓட்டிய வாலிபனும், மயிலாப்பூரில் பஞ்சாங்கம் பார்த்துப் புறப்பட்ட வக்கீலும் ஒரே பல் சட்டத்தைத்தான் திருப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பெரிய வேடிக்கையாகத் தோன்றுகிறது.

1954, 1962 என்ற இரண்டு வருஷங்களையும் புதுச்சேரிக்காரர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். 1954 அக்டோபர் 18-ந்தேதி வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூர் என்ற சிற்றூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி வோட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேரலாம் என்றவர்கள் 170 பேர்; கூடாது என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முழுவதும் மாறியது 1962 ஆகஸ்டு 16-ந்தேதி. அந்த நாளில் இன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடி ஏற்றுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பின்னால் நின்று தள்ளியவர்கள் முன்னால் வந்து கம்பியைப் பிடித்த நாள் அது. அதற்குப் பெரிய நகரம் தேவைப்படவில்லை. வயலுக்கு நடுவே ஒரு கீழூர் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு ஞானமும் எனக்கு வந்தது ஒரு பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்ததால்தான். வில்லியனூருக்கு மேற்கே, சாலையோரத்துக் கொட்டகை அது. நண்பர் ஒருவருடைய மகன் எங்கிருந்தோ ஒரு பழைய ஸ்பிட்ஃபயரை வாங்கி வந்திருந்தான். சிவப்பு வண்டி, கூரை கிடையாது. பையனுக்கு அதன்மேல் உயிர். எஞ்சினுக்கு இரண்டாவது கார்புரேட்டரைச் சரிசெய்து, இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டித் தரவேண்டும் என்று கேட்டுத்தான் பட்டறைக்குக் கொண்டுவந்தான்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்தார். எஞ்சினைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் சக்கரத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டினார். முன் சக்கரம் நகரவே இல்லை. ஸ்டியரிங் மட்டும் மூன்று விரற்கடை போய்வந்தது.

"தம்பி, இது ஹெரால்டு ராக்கு. நான் தொழில் கத்துக்கிட்டதே ஹெரால்டுலதான். பிளே ஜாஸ்தியா இருக்கு. முதல்ல ராக்கை மாத்துங்க. எஞ்சினை அப்புறம் பார்ப்போம்" என்றார்.

"ஓட்டும்போது ஒண்ணும் தெரியலையே அண்ணே. ஷிம்மை எடுத்து டைட் பண்ணிட்டா போதாதா?" என்று பையன் இழுத்தான்.

"டைட் பண்ணலாம். நேரா போறப்ப நல்லா இருக்கும். வளைவுல இறுக்கிப் பிடிச்சுக்கும், திரும்பாது. அப்ப என்னைத் திட்ட நீங்க இருக்க மாட்டீங்க" என்றார் மேஸ்திரி, குரலை உயர்த்தாமல்.

பையன் முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் கேட்டுக்கொண்டான். புதிய ராக் இங்கிலாந்திலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தது. அந்த மாதிரி ராக்கை அங்கே இன்னும் செய்து விற்கிறார்கள். ஒரு காலத்தில் ஹெரால்டு ஓடிவந்த பெருங்களத்தூர் வில்லியனூரிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புகிற தூரம்தான். அந்தத் தொழிற்சாலை 1980-களின் இறுதியில் கார் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஒரு பொருளைச் செய்யத் தெரிந்த ஊர், பிற்பாடு அதைக் கடல் தாண்டித் தருவிக்க நேர்வதில் உள்ள வருத்தத்தைப் பெட்டியைப் பிரிக்கும்போது அந்த மேஸ்திரியின் முகத்தில் கண்டேன். அவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை.

வேலையைக் காலையில் ஆரம்பித்தார். முன்மூடியை மல்லாத்தினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, கட்டை கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றினார். ராக்கின் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டுக்கு டை ராடு எண்டு என்று பெயர். அது கூம்பு வடிவத்தில் துளைக்குள் இறுகியிருக்கும். நட்டைக் கழற்றினாலும் வராது. அவர் அடிக்கவேண்டிய இடத்தில் அடிக்கவில்லை. துளையுள்ள காதின் இரண்டு பக்கத்திலும் இரண்டு சுத்தியல்களை வைத்து ஒரே சமயத்தில் தட்டினார். 'டக்' என்று விடுபட்டது. எண்டைத் திருகிக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணி, சுவரில் கரியால் எழுதினார். ஸ்டியரிங் தண்டைப் பற்சக்கரத்தோடு பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தினார். ராக்கை அடிச்சட்டத்தோடு அணைத்திருந்த இரண்டு வளைவு போல்ட்டுகளையும் அவற்றின் ரப்பர் மெத்தைகளையும் எடுத்தார். பழைய ராக் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தது.

புதியதைப் போடும்முன் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ராக்கைக் கையில் வைத்துக்கொண்டு பற்சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றி எண்ணினார். அதில் சரிபாதி திருப்பி நிறுத்தினார். அதுதான் நடு. காருக்குள் ஸ்டியரிங் சக்கரத்தையும் நேராக நிறுத்திவிட்டு இரண்டையும் சேர்த்தார். நடு தவறினால் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும் என்று விளக்கினார். சுவரில் எழுதிய கணக்குப்படி எண்டுகளைத் திருகினார். கடைசியில் கொத்தனாரைப்போல் நீளமாக நூல் பிடித்து, நாலு சக்கரங்களின் நேரையும் பார்த்து, முன்பக்கம் ஒரு மயிரிழை உள்வாங்கி இருக்கும்படி சரிசெய்தார். எல்லாம் முடிந்து ஹார்னை அழுத்தினால் சத்தம் இல்லை. ராக் ரப்பர்மேல் உட்கார்ந்திருப்பதால், ஹார்னுக்கு எர்த் கொடுக்கத் தனியாகச் சின்ன ஒயர் ஒன்று உண்டு. அதை மாட்டியதும் வண்டி வாய் திறந்தது.

மேஸ்திரி தேநீர் குடித்துக்கொண்டே பழைய ராக்கைப் பிரித்தார். துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார்.

"பாருங்கய்யா, எங்க தேஞ்சிருக்குன்னு."

பார்த்தேன். சட்டத்தின் இரண்டு ஓரங்களிலும் பற்கள் நேற்று வெட்டியவைபோல் கூர்மையாக இருந்தன. தேய்ந்திருந்தது நடுவில் மட்டும். நாலைந்து பற்கள் மழமழவென்று வயதானவர் கடைவாய்போல் ஆகியிருந்தன. வளைவுகளில் திருப்பித் திருப்பி ஓரங்கள்தானே தேய்ந்திருக்கவேண்டும் என்று கேட்டேன்.

"வளைவு எத்தனை இருக்கும்? நாள் பூரா நேராத்தானே போறோம். நேரா போறதுக்குத்தான் கை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்னு ஆடிக்கிட்டே இருக்கு. அதான் நடுப்பல்லு தேயுது" என்றார்.

நடுவில் தேய்ந்து ஓரத்தில் தேயாமல் இருப்பதால்தான், நடு ஆட்டம் போகும்படி இறுக்கினால் ஓரத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஆகவே மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. 'நேராகப் போவது' என்று ஏதோ சும்மா இருப்பதைப்போல் சொல்கிறோம். நேராகப் போவதற்குத்தான் ஸ்டியரிங் அதிகம் பாடுபடுகிறது. வளைவில் நாம் திருப்புவதை ஊர் பார்க்கிறது. நேர்சாலையில் கணத்துக்குக் கணம் திருத்திக்கொள்வதை ஓட்டுகிறவனே அறிவதில்லை. குடும்பம் நடத்துகிற பெண்மணிகளுக்கு இந்த உண்மை, ராக்கைப் பிரிக்காமலே தெரிந்திருக்கும்.

மாலையில் பையன் என்னையும் ஏற்றிக்கொண்டு கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் வரை போய்வந்தான். அந்தப் பக்கத்தில் வயலை ஒட்டி ஒட்டிச் சாலை வளையும். இரு பக்கமும் கரும்பும் நெல்லும். ஒரு வளைவு புதுச்சேரி எல்லை, அடுத்த வளைவு தமிழ்நாடு; எந்தக் காலத்திலோ நவாபுகளும் கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொண்ட துண்டுகள். ஒரு திருப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் சாலையை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. பையன் அரைக் கை திருப்பினான். வண்டி அரைக் கையளவே நகர்ந்து, மண் விளிம்பைத் தொட்டு, மறுபடி சாலையில் ஏறியது. அவன் பேச்சைக்கூட நிறுத்தவில்லை. மூன்று விரற்கடை ஆட்டத்தோடு அந்த இடத்துக்கு வந்திருந்தால், கை திரும்பியபின் சக்கரம் திரும்பும் வரை உள்ள அந்தச் சிறிய இடைவெளியில் என்னென்ன நடந்திருக்கும் என்று கதை எழுதும் என்னுடைய புத்தி வேண்டாத கற்பனைகளைச் செய்தது. பாகூர் ஏரிக்கரை வந்தபோதுதான் மூச்சு ஒரு நிலைக்கு வந்தது. கார்புரேட்டரைப் பற்றிப் பையன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை.

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் திருபுவனை வருகிறது. அங்கே ரானே (மெட்ராஸ்) கம்பெனிக்கு ஸ்டியரிங் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. 1929-ல் சென்னையில் மோட்டார்ச் சாமான்கள் விற்கும் வியாபாரமாகப் பிறந்து, 1960 வாக்கில் ஸ்டியரிங் இணைப்புகளைத் தானே செய்ய ஆரம்பித்த நிறுவனம் அது. எந்த வண்டி எவ்வளவு வேகம் போகும் என்று டெலிவிஷனில் விளம்பரம் செய்கிறார்கள். அந்த வண்டி எந்த ஊர் ஸ்டியரிங்கால் திரும்புகிறது என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. இன்றைய சின்னக் கார்களில் மின்சார மோட்டார் ஒன்று கைக்கு ஒத்தாசை செய்கிறது. ஆனால் அந்த மோட்டாருக்குக் கீழே இன்னமும் இருப்பது பற்சக்கரமும் பல் சட்டமும்தான்.

தேர் விஷயமும் அப்படியே. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் தொழிற்சாலையார் இரும்புச் சக்கரங்களும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறார்கள். வீதி முனையில் அந்தத் தேரைத் திருப்புவதற்கு இன்றும் முட்டுக்கட்டைக்காரர்கள்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்த வைகாசியில் வாசகர்கள் யாராவது வில்லியனூர் தேருக்குப் போனால், வடம் பிடிக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டு, அப்படியே பார்வையைக் கொஞ்சம் தாழ்த்திச் சக்கரத்தின் பக்கமும் பாருங்கள். அங்கே வியர்வை வழியக் குனிந்து நடக்கிறவர் தேரை நிறுத்துவதற்காகக் கட்டை போடவில்லை. தேர் வீதி சுற்றி நிலைக்கு வந்து சேரவேண்டும் என்பதற்காகப் போடுகிறார்.